வித்தும் விளைநிலமும்: கருப்பை அகவணிப் புரதங்களைத் தேடிய வரலாறு

கருக்கட்டிய முட்டை கருப்பையை அடைந்து, அதன் உட்புறத்தைப் போர்த்திருக்கும் அகவணியிற் பற்றிப் பதிந்து, தாயின் குருதியோடு தொடர்பு பூணும் நிகழ்ச்சியை உயிரியலாளர் உட்பதித்தல் என்பர். இதற்குரிய காலம் சில நாட்களே. ஆயினும், பெண்ணின் உடலினுள் அது நிகழும் வேளையில் எவரும் அதனை நேரிற் கண்டதில்லை. காணவியலாத ஒன்றைப் பற்றிய வினாக்களுக்கு, அது நிகழுமிடத்தே தோன்றும் அடையாளங்களைக் கொண்டே விடை தேடவேண்டியுள்ளது. கருப்பை அகவணியிற் காணப்படும் புரதங்கள் அத்தகைய அடையாளங்களாகக் கருதப்பட்டு, ஏறத்தாழ அறுபது ஆண்டுகளாக ஆராயப்பட்டு வருகின்றன. முளையம் பலமுறை வைக்கப்பட்டும் பதியாது போகும் பெண்களிடத்தே குறை வித்திலா, விளைநிலத்திலா என்பதே இவ்வாராய்ச்சியின் அடிப்படை வினா. நமது சமூகத்திலே இவ்வினாவுக்கான விடை ஆராயப்படாமலே முடிவு செய்யப்பட்டிருந்தது. 'மலடி' என்ற சொல் வழக்கிற் பெற்ற கூர்மையை அதன் ஆண்பாற் சொல் என்றும் பெற்றதில்லை. விஞ்ஞானம் இத்தகைய முற்கோடலுக்கு அப்பாற்பட்டது எனப் பொதுவாகக் கருதப்படுகின்றது. இத்துறையின் வரலாறு அக்கருத்தை முழுமையாக ஆதரிக்கவில்லை. எது இயல்பு என்பதைத் தெளியுமுன் எது பிறழ்வு என்பதைத் தீர்மானித்துவிடும் அவசரம் இவ்வரலாற்றில் மீண்டும் மீண்டும் தலைகாட்டுகின்றது.

இவ்வரலாறு புரதங்களிலிருந்து தொடங்கவில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் ஐரோப்பிய மருத்துவர் கருப்பை அகவணியை நுணுக்குக்காட்டியின் கீழ் வைத்து நோக்கியபோது, சில பெண்களிடத்தே சுரப்பிகள் நேராகவும் ஒடுங்கியும், வேறு சிலரிடத்தே பருத்து வளைந்தும் இருப்பதைக் கண்டனர். பின்னையது அகவணியின் நாட்பட்ட அழற்சி என முடிவு செய்யப்பட்டது. அதற்கு வகைகளும் பெயர்களும் வகுக்கப்பட்டன. அகவணியைச் சுரண்டியெடுக்கும் சிகிச்சையும் பரவலாயிற்று. 1908இல் வியன்னாவைச் சேர்ந்த ஹிற்ஷ்மன், அட்லர் என்னும் இருவர், பெறப்பட்ட ஒவ்வோர் இழையத் துணுக்கும் மாதவிடாய் வட்டத்தின் எந்த நாளுக்குரியது என்பதைக் குறித்துக்கொண்டு ஆராய்ந்தனர். நோயென விவரிக்கப்பட்ட மாற்றங்களிற் பெரும்பாலானவை ஒவ்வொரு மாதமும் ஆரோக்கியமான பெண்ணின் கருப்பையிலே ஒழுங்காக நிகழும் மாற்றங்களே என்பது அப்பொழுதுதான் புலனாயிற்று. நுணுக்குக்காட்டி புதியதன்று, இழையமும் புதியதன்று. நாளைக் குறித்துக்கொள்ளல் என்ற எளிய செயலே புதியது. அது செய்யப்படாத காலமெல்லாம் இயல்பான உடல்கள் நோயுற்றனவாகச் சிகிச்சை பெற்றன.

மாதந்தோறும் நிகழும் இம்மாற்றத்தை ஆள்வது யாது என்பதும் அதே காலப்பகுதியில் துலங்கலாயிற்று. முட்டை வெளியேறிய பின் சூலகத்தில் எஞ்சும் மஞ்சட் சடலத்தை அகற்றினால் முயலில் முளையம் பதிவதில்லை என்பதை லூட்விக் பிறாங்கல் இருபதாம் நூற்றாண்டின் முதலாண்டுகளிற் காட்டினார். 1929இல் அமெரிக்கரான கோணரும் அலனும் அச்சடலத்திலிருந்து பெற்ற சாற்றின் ஆற்றலை நிறுவினர். 1934இல் அதன் செயற்படு பொருளாகிய புரோஜெஸ்தெரோன் தூய நிலையிற் பிரித்தெடுக்கப்பட்டது. நிலத்தைப் பண்படுத்தும் ஓமோன் கிடைத்துவிட்டது. பண்பட்ட நிலத்தை இனங்காண்பது எவ்வாறு என்ற வினாவே எஞ்சியது.

அவ்வினாவுக்கு அரை நூற்றாண்டுக் காலம் பயன்பட்ட விடை அமெரிக்காவின் பொஸ்ரன் நகரையடுத்த புறூக்லைனில் உருவாயிற்று. அங்கே மகளிர்க்கான இலவச மருத்துவமனையொன்றில் மகப்பேற்று மருத்துவரான ஜோன் றொக்கும் நோயியலாளரான ஆதர் ஹேட்டிக்கும் 1938 தொடக்கம் ஏறத்தாழ பதினைந்து ஆண்டுகள் மனித முளையத்தின் முதல் நாட்களைத் தேடினர். கருப்பையை அகற்றும் சத்திரசிகிச்சைக்குக் காத்திருந்த, முன்னர் பிள்ளை பெற்ற பெண்களே அவர்களின் ஆய்வுக்கு உட்பட்டோர். இப்பெண்கள் தமது மாதவிடாய் நாட்களையும் உடலுறவு நாட்களையும் குறித்துத் தருமாறு கேட்கப்பட்டனர். சத்திரசிகிச்சையின் நாள் அதற்கேற்ப அமைக்கப்பட்டது. 210 பெண்களின் கருப்பைகளிலிருந்தும் குழாய்களிலிருந்தும் 34 முளையங்கள் கண்டெடுக்கப்பட்டன. இன்றைய ஒழுக்க நெறிகளின்படி இத்தகைய ஆய்வுக்கு அனுமதி கிடைக்குமா என்பது ஐயத்துக்குரியது. மறுபுறம், மனிதரில் உட்பதித்தலின் தொடக்க நிலைகள் பற்றிய அறிவிற் பெரும்பகுதி அப்பெண்களின் உடல்களிலிருந்தே கிடைத்தது. அவர்களின் பெயர்களை எந்தப் பாடநூலும் குறிப்பிடுவதில்லை.

அந்த 34 முளையங்களிற் கணிசமான தொகையின பிறழ்வுடையனவாக இருந்தன. பிள்ளைப்பேறு வாய்த்த பெண்களிடத்தும், குறையற்ற கருப்பையினுள்ளும், வித்துகளிற் பல முளைத்து வளரவியலாதனவாக இருக்கின்றன என்பதே இதன் பொருள். இம்முடிவு பின்வந்த புரத ஆய்வாளரின் நினைவில் நிலைத்திருந்திருப்பின் இத்துறை வேறு வழியிற் சென்றிருக்கலாம். ஆயின் அக்குழுவின் பணிகளுள் மருத்துவ உலகை ஆட்கொண்டது வேறொன்று. 1950இல் நோய்ஸ், ஹேட்டிக், றொக் ஆகிய மூவரும் அகவணித் துணுக்கொன்றைப் பார்த்து அது வட்டத்தின் எத்தனையாவது நாளுக்குரியது என்று கூறும் முறையை வெளியிட்டனர். கலங்களின் பிரிவு, இழையத்தில் நீர்கோத்தல் முதலான எட்டு இயல்புகள் அதற்கு அடிப்படையாயின. இழையத்தின் நாளும் நாட்காட்டியின் நாளும் இரண்டு நாட்களுக்கு மேல் வேறுபட்டால் அகவணி பிந்தியுள்ளது எனக் கொள்ளப்பட்டது. 1908இல் விடுதலை தந்த நாட்கணக்கு இவ்வாறு அளவுகோலாக மாறியது. இம்முறை பெரும்பாலும் பிள்ளைப்பேறற்ற பெண்களின் துணுக்குகளைக் கொண்டு வகுக்கப்பட்டது என்பதும், பிள்ளைபெற்ற பெண்களில் எத்தனை பேரின் அகவணி 'பிந்தி' இருக்கும் என்பது விரிவாக ஆராயப்படவில்லை என்பதும் மனங்கொள்ளத்தக்கன.

நுணுக்குக்காட்டியின் உருவங்களிலிருந்து இரசாயனத்துக்கு ஆராய்ச்சி திரும்பியது 1960களிலாகும். முயலின் கருப்பையைக் கழுவிப் பெற்ற திரவத்தில் ஒரு சிறிய புரதம் மிகுதியாகக் காணப்பட்டது. 1967இல் கிருஷ்ணன், டானியல் என்னும் இருவர், முளையத்தின் வளர்ச்சியைத் தூண்டுவது அதுவே எனக் கருதி 'பிளாஸ்ரோகைனின்' எனப் பெயரிட்டனர். மறு ஆண்டில் ஜேர்மனிய ஆய்வாளரான பையர் அதே புரதத்துக்கு 'யூற்றறோகுளோபின்' எனப் பெயர் சூட்டினார். முன்னைய பெயர் முளையத்தையும் பின்னைய பெயர் கருப்பையையும் சுட்டி நின்றன. நாளடைவில் அப்புரதம் நுரையீரற் குழாய்களின் கலங்களிலும் சுரக்கின்றது என்பது தெரியவந்தபோது இரண்டு பெயர்களும் பொருத்தமிழந்தன. உட்பதித்தலுக்கெனவே படைக்கப்பட்டதாக எண்ணப்பட்ட பொருள், உடலின் பல சளிப்படைகளுக்கும் பொதுவான ஒன்றாயிற்று.

பெயர்களின் குழப்பம் மனிதரிடத்து மேலும் வளர்ந்தது. 1970களில் ஜேர்மனியின் மாபேர்க் நகரில் ஹான்ஸ் போன் என்பவர் சூல்வித்தகத்திலிருந்து புரதங்கள் பலவற்றைப் பிரித்து அவற்றுக்கு இலக்கமிட்டார். அவற்றுள் 'சூல்வித்தகப் புரதம் 14' உண்மையிற் சூல்வித்தகத்தினுடையது அன்று. அதனைச் சுரப்பது தாயின் அகவணியே என்பதை ஹெல்சிங்கியில் மார்க்கு செப்பலாவும் அவர்தம் குழுவினரும் பிற நாட்டு ஆய்வாளரும் 1980களில் நிறுவினர். சூல்வித்தகத்தோடு ஒட்டிவந்த தாயிழையமே மயக்கத்துக்குக் காரணம். அதற்குள் அதே புரதம் வெவ்வேறு ஆய்வுகூடங்களில் வேறு பெயர்களையும் பெற்றுவிட்டது. 1990களின் நடுப்பகுதியிலேதான் 'கிளைக்கோடெலின்' என்ற பொதுப்பெயர் நிலைத்தது. தாய்க்கும் சேய்க்கும் இடையேயுள்ள எல்லையிலே எது யாருடையது எனப் பிரித்தறிவதே எத்துணைக் கடினம் என்பதற்கு இது சான்று.

இவையெல்லாம் ஆய்வுகூடத்தின் அக்கறைகளாகவே இருந்திருக்கக்கூடும். 1978 யூலை 25ஆம் நாள் இங்கிலாந்தின் ஓல்ட்ஹாம் நகரில் உடலுக்குப் புறத்தே கருக்கட்டிய முளையத்திலிருந்து லூயிஸ் பிறவுண் பிறந்தமை நிலைமையை மாற்றியது. றொபேட் எட்வேட்ஸ், பற்றிக் ஸ்ரெப்ரோ, ஜீன் பேர்டி ஆகியோரின் அவ்வெற்றியைப் பற்றிப் பேசுவோர் அதற்கு முன்னிருந்த தோல்விகளைப் பெரும்பாலும் மறந்துவிடுகின்றனர். அப்பணியின்போது தம்மை ஆய்வுக்கு ஒப்படைத்த பெண்கள் 282 பேர். கருப்பையினுள் வைக்கப்பட்ட முளையங்களைக் கொண்டு நடைபெற்ற முயற்சிகள் 112. அவற்றால் உண்டான கருப்பங்கள் ஐந்து. உயிருடன் பிறந்த குழந்தைகள் இரண்டு. கருக்கட்டலைக் கண்ணாடிக் கிண்ணத்திலே நிகழ்த்த முடிந்தது. உட்பதித்தலை நிகழ்த்த முடியவில்லை. முளையத்தை வைத்துவிட்டுக் காத்திருப்பதன்றி மருத்துவரால் ஆகக்கூடியது எதுவுமில்லை. உட்பதிதல் தவறிய பெண்கள் ஏன் என்று வினவியபோது, விடை கூறவேண்டிய பொறுப்பு அகவணியின் மேல் விழுந்தது.

மும்முறைக்கு மேல் நல்ல முளையங்கள் வைக்கப்பட்டும் பதியாத நிலை 'மீள்நிகழ் உட்பதிதற் பிழைப்பு' என்ற தனிநோயாகப் பேசப்படலாயிற்று. இங்கு ஓர் எளிய கணக்கு அவசியமாகின்றது. ஒவ்வொரு முறையும் பதிவதற்கான வாய்ப்பு மூன்றில் ஒன்று எனக் கொண்டால், மும்முறையும் தற்செயலாகவே தவறுவதற்கான வாய்ப்பு இருபத்தேழில் எட்டு. எந்தக் குறையுமற்ற நூறு பெண்களில் ஏறத்தாழ முப்பது பேர் இந்நோயின் பெயரைப் பெறுவர். தற்செயலாற் கூடியவர்களையும் உண்மையான குறையுள்ளவர்களையும் ஒன்றாகச் சேர்த்து ஆராய்ந்தால் எப்புரதமும் தெளிவான விடை தராது என்பது வெளிப்படை. எனினும் ஆய்வுகள் பெருகின.

அவற்றுள் இரண்டு சிறப்பாக நோக்கத்தக்கன. முதலாவது, அமெரிக்காவில் புறூஸ் லெஸியும் பிறரும் 1992இல் வெளியிட்டது. கலங்கள் ஒன்றையொன்றும் சூழலையும் பற்றிக்கொள்ள உதவும் இன்ரகிரின் என்னும் புரதங்களை அவர்கள் அகவணியில் நாள்தோறும் தேடினர். அல்பா-வி பீற்றா-3 என்ற இன்ரகிரின் வட்டத்தின் இருபதாம் நாளளவிற் புதிதாகத் தோன்றுவதைக் கண்டனர். முளையம் பற்றவேண்டிய நாட்களின் வாயிலிலே பற்றுதற்குரிய புரதம் தோன்றுவது கவர்ச்சியான ஒற்றுமை. எலியின் கருப்பை குறுகிய காலத்துக்கு மட்டுமே முளையத்தை ஏற்கின்றது, அதன்பின் மறுக்கின்றது என்று பாரிஸ் நகரில் அலெக்சாந்தர் சைக்கோயோஸ் முன்னரே காட்டியிருந்தார். அந்த 'ஏற்புநிலைச் சாளரம்' மனிதரிலே திறப்பதற்கு அடையாளமாக இவ்வின்ரகிரின் கொள்ளப்பட்டது. காரணம் தெரியாத மலட்டுத்தன்மை கொண்ட சிலரிடத்தும், அகவணி இழையம் கருப்பைக்குப் புறத்தே வளரும் நோயுற்ற சிலரிடத்தும் அது காணப்படவில்லை. பின்னர் நடைபெற்ற ஆய்வுகளிற் சில இதனை ஆதரித்தன. வேறு சில, அது காணப்படாதவரும் கருவுறுகின்றனர் எனக் காட்டின. ஒரு மாதத்தில் வெட்டியெடுத்த துணுக்கைக் கொண்டு வேறொரு மாதத்து நிலத்தை மதிப்பிட வேண்டியிருந்தமையும் தீர்க்கவியலாத இடர்ப்பாடாயிற்று.

இரண்டாவது ஆய்வின் வரலாறு இன்னும் துயரமானது. அதே 1992இல் கொலின் ஸ்ருவேட்டும் அவருடன் பணியாற்றியோரும் 'நேச்சர்' சஞ்சிகையில் ஒரு பரிசோதனையை விவரித்தனர். வெண்குருதிப் புற்றுத் தடுப்புக் காரணி என்ற புரதத்தை ஆக்கும் பரம்பரையலகு நீக்கப்பட்ட பெண் சுண்டெலிகளில் முட்டைகள் கருக்கட்டின, முளையங்கள் வளர்ந்து கருப்பையை அடைந்தன, ஆனாற் பதியவில்லை. அம்முளையங்களையே எடுத்து இயல்பான சுண்டெலியின் கருப்பையில் இட்டபோது அவை பதிந்து குட்டிகளாயின. வித்தில் யாதொரு குறையுமில்லை, விளைநிலமே ஏற்கவில்லை என்பதற்கு இதனினும் தெளிவான நிரூபணம் இத்துறையில் அதற்கு முன் கிடைத்ததில்லை. ஒற்றைப் புரதத்தால் உட்பதித்தல் நின்றுபோகும் என்ற செய்தி மனித மருத்துவத்தை ஈர்த்தது. 1998இல் பிரான்சிலிருந்து ஹம்பாட்சூமியன் வெளியிட்ட ஆய்வு, பலமுறை உட்பதிதல் தவறிய பெண்களின் அகவணி இப்புரதத்தைக் குறைவாக ஆக்குகின்றது என்றது. சங்கிலி முழுமையடைந்தது போலத் தோன்றிற்று: விலங்கில் இன்றியமையாதது, பெண்ணில் குறைவுபட்டது, எனவே புறத்திலிருந்து கொடுத்தால் குறை தீரும்.

கொடுத்தும் பார்க்கப்பட்டது. எட்வேட்ஸும் ஸ்ரெப்ரோவும் நிறுவிய போர்ன் ஹோல் நிலையத்தை வழிநடத்தியவரான பீற்றர் பிறின்ஸ்டனும் பிறரும், உட்பதிதல் பலமுறை தவறிய ஏறத்தாழ 150 பெண்களை எழுமாற்றாக இரு பிரிவாக்கினர். ஒரு பிரிவினருக்குச் செயற்கையாக ஆக்கிய அப்புரதமும் மறுபிரிவினருக்குப் போலி மருந்தும் ஊசி மூலம் ஏற்றப்பட்டன. எவருக்கு எது என்பது மருத்துவருக்கும் தெரியாது. 2009இல் வெளியான முடிவின்படி புரதம் எந்த நன்மையையும் தரவில்லை. கருவுற்றோர் தொகை போலி மருந்து பெற்றோரிடையேதான் கூடுதலாக இருந்தது. சுண்டெலியில் உட்பதித்தலைத் தொடக்கிவைப்பது ஈசுத்திரசன் ஓமோனின் சிறு எழுச்சி. அதுவே இப்புரதத்தையும் சுரக்கச் செய்கின்றது. மனிதரிடத்தே அத்தகைய எழுச்சி இன்றியமையாதது என நிறுவப்படவில்லை. இவ்வேறுபாடு முன்னரே அறியப்பட்டிருந்தது. அத்தோடு, ஒரு புரதம் குறைந்திருத்தல் தவறுக்குக் காரணமாகவும் இருக்கலாம், வேறொரு காரணத்தின் விளைவாகவும் இருக்கலாம். இவ்விரண்டையும் பிரித்தறிவதற்கு முயற்சி செய்து பார்ப்பதைவிட வேறு வழியில்லாதபோது, அம்முயற்சியைச் செய்து தோல்வியை மறைக்காது வெளியிட்டமை பாராட்டுக்குரியது. இத்துறையில் விற்பனைக்கு வந்த பல சோதனைகள் அத்தகைய பரீட்சைக்கு உட்படாமலே பெண்களிடம் சென்றன.

இதற்கிடையில், 1950ஆம் ஆண்டின் அளவுகோலும் ஆராயப்பட்டது. அமெரிக்காவின் பல மருத்துவ நிலையங்கள் இணைந்து நடத்தி 2004இல் கூற்றிபாரிஸ் முதலியோர் வெளியிட்ட ஆய்வில், பிள்ளை பெற்ற பெண்களின் அகவணியும் பிள்ளைப்பேறற்றோரின் அகவணியும் ஒரே முறையிற் பெறப்பட்டு ஒப்பிடப்பட்டன. ஏற்புநிலைக்குரிய நாட்களில் நாள் பிந்திய அகவணி கொண்டோர் பிள்ளை பெற்றவருள் நூற்றுக்கு 49.4, பிள்ளைப்பேறற்றவருள் 43.2. குறையெனக் கொள்ளப்பட்ட இயல்பு, குறையற்றோரிடமே சற்றுக் கூடுதலாகக் காணப்பட்டது. அரை நூற்றாண்டாக எண்ணற்ற பெண்கள் அக்குறையின் பெயராற் சிகிச்சை பெற்றிருந்தனர். வியன்னாவில் 1908இல் நடந்தது புறூக்லைனின் அளவுகோலுக்கும் நடந்தது.

வித்தைப் பற்றிய சான்றுகள் வேறு திசைகளிலிருந்து திரண்டுகொண்டிருந்தன. 1990இல் லொஸ் ஏஞ்சலிஸ் நகரில் சோவர், போல்சன், லோபோ ஆகியோர், நாற்பது வயது கடந்த பெண்களின் கருப்பைகள் இளம்பெண்களின் முட்டையிலிருந்து உருவான முளையங்களை நன்கு ஏற்பதைக் காட்டினர். முதுமையடைவது பெரிதும் முட்டையே, கருப்பையன்று என்பது இதனாற் பெறப்பட்டது. 1999இல் வில்கொக்ஸ் முதலியோர் வட கரோலினாவில் இயற்கையாகக் கருவுற்ற பெண்களின் சிறுநீரை நாள்தோறும் சோதித்து, நிலைத்த கருப்பங்களில் நூற்றுக்கு 84 முட்டை வெளியேறிய எட்டாம், ஒன்பதாம், பத்தாம் நாட்களிற் பதிந்தன எனக் கண்டனர். ஒன்பதாம் நாளுக்குள் பதிந்தவற்றில் நூற்றுக்கு 13 தொடக்கத்திலேயே அழிந்தன. பதினோராம் நாளில் பதிந்தவற்றில் 52. அதற்கும் பிந்தியவற்றில் 82. பிந்துவது நிலத்தின் சாளரம் மூடுவதாலா, வலுவற்ற வித்து மெதுவாக வருவதாலா என்பதை இவ்வெண்கள் தாமாகக் கூறமாட்டா. இரண்டும் ஒருங்கே நிகழவுங்கூடும். 2021இல் பிர்ற்றியா முதலியோர், நிறமூர்த்தத் தொகை சரியானதெனச் சோதிக்கப்பட்ட முளையங்களைத் தனித்தனியே மும்முறை வரை பெற்ற 4,000க்கு மேற்பட்ட பெண்களின் விவரங்களைத் தொகுத்தனர். அவர்களின் கணிப்பின்படி ஏறத்தாழ நூற்றுக்கு 95 பேரிடத்தே முளையம் பதிந்து நிலைத்தது. சரியான முளையம் ஒன்றேனும் உண்டாகாத பெண்கள் இக்கணக்கினுள் வரவில்லை என்பதை மறத்தலாகாது. அவர்களின் துயரம் வேறு. எனினும், மருத்துவமனைகளில் 'ஏற்காத கருப்பை' எனப் பெயர் பெற்றோருட் பெரும்பாலானோரிடத்தே கருப்பை மறுக்கவில்லை என்று கொள்ள இது இடமளிக்கின்றது. ஐரோப்பிய மனித இனப்பெருக்கக் கழகம் 2023இல் வெளியிட்ட பரிந்துரைகளும் மூன்று, நான்கு என்ற மாறா எண்ணிக்கையைக் கைவிட்டு, ஒவ்வொரு பெண்ணுக்கும் உரிய வாய்ப்பைக் கணித்து அதன்பின்னரே பிழைப்பென்று பேசவேண்டும் என்றன.

இவற்றால் அகவணி பொருட்டன்று என்றாகாது. அழற்சி, கட்டிகள், ஒட்டுதல்கள் முதலியன உட்பதித்தலைக் கெடுப்பது உண்மை. சிறு தொகையினரிடத்தே அகவணியின் புரதங்களில் மெய்யான குறை இருத்தலும் கூடும். அவர்களை இனங்காணவல்ல சோதனையே தேடப்படுகின்றது. ஒற்றைப் புரதங்கள் கைவிட்டபின், நூற்றுக்கணக்கான பரம்பரையலகுகளின் செயற்பாட்டை ஒருங்கே அளக்கும் முறைகள் எழுந்தன. ஸ்பெயினின் வலன்சியா நகரில் 2011இல் வெளியிடப்பட்ட முறை 238 பரம்பரையலகுகளை அடிப்படையாகக் கொண்டது. அது ஒவ்வொரு பெண்ணின் சாளரமும் திறக்கும் நேரத்தைக் கூறும் எனப்பட்டது. பல நாடுகளில் விலைக்கு வந்தது. 2022இல் டோயல் முதலியோர் அமெரிக்காவில் 767 பெண்களிடத்தே அச்சோதனையை நடத்தினர். எழுமாற்றாகத் தெரிந்த ஒரு பிரிவினருக்குச் சோதனை கூறிய நேரத்திலும், மறுபிரிவினருக்கு அதன் முடிவைக் கருதாது வழமையான நேரத்திலும் முளையம் வைக்கப்பட்டது. சோதனையைப் பின்பற்றியோரில் நூற்றுக்கு 58.5 பேரும், பின்பற்றாதோரில் 61.9 பேரும் உயிருள்ள குழந்தையைப் பெற்றனர்.